விழுகிற பல் என்று நினைத்தேன்

டேய் கதிர்,

இதை நீ படிக்கும்போது உனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். உன் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் இருக்கிற பிளாஸ்டிக் கோப்பில் இதையும் வைத்து, வேலைக்காக நீ வீட்டைவிட்டுக் கிளம்புகிற அன்று கையில் கொடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உனக்கு ஏழு வயது, எனக்கு முப்பத்துமூன்று. புத்தி சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை என்பது உன் அம்மா ரேவதியின் கருத்து. சரிதான். ஆனால் ஐம்பது வயதில் உட்கார்ந்து எழுதினால் நடந்ததையெல்லாம் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன். எங்கள் கம்பெனியில் பார்த்திருக்கிறேன். மிஷின் நின்ற அன்றே எழுதாத ரிப்போர்ட்டில் தப்பு செய்தவன் பெயர் இருக்கவே இருக்காது.

முதலில் போய்க் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திற. கீழே, வலது பக்கம். கடைசியில் ஞானப்பல் முளைத்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதே. அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று. அந்த இரண்டாவது பல்லைப் பார். அதன்மேல் பல்லை மூடுகிற ஒரு தொப்பி இருக்கும். தொப்பி இருந்தால் நல்லது. அங்கே பல்லே இல்லாமல் வெறும் ஈறு இருந்தால், அந்தப் பல் என்னால் போனது என்று தெரிந்துகொள். உன் கவனக்குறைவு, மிட்டாய், பரம்பரை என்று வேறு யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் நம்பாதே. இதை எழுதுகிற இன்றைக்கு அந்தப் பல் நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது.

நான் ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு அட்டை உண்டு. என்றைக்கு வந்தது, எது எப்போது கெட்டது, யார் எதைக் கழற்றினார்கள், எதைத் திரும்பப் போட்டார்கள், எல்லாம் அதில் இருக்கும். புது ஆள் பொறுப்பெடுத்தால் முதல் வேலையாக அதைத்தான் படிப்பான். இனி உன் வாய்க்கு நீதான் பொறுப்பு. ஏழு வயதில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன், பாசம் பொங்கி அல்ல.

பல் விஷயத்தில் நான் முட்டாளாக இருந்தது உன்னிடம் மட்டுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் இருந்தபோது, எனக்கு வலது பக்க மேல் கடைவாய்ப் பல் வலித்தது. கம்பெனி முதலுதவி அறையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். போட்டேன் என்றால் மூன்று வாரம். ஷிப்ட் மாறட்டும் என்றேன், ஓவர்டைம் முடியட்டும் என்றேன், ஆடி போகட்டும் என்றேன். ஆடிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, அந்த அறையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். ஒரு நாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. தானே சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். உள்ளே நரம்பு செத்துப்போயிருந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் முறுக்கைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. அதைப் பிடுங்கி எடுத்தார்கள். இன்றைக்கும் நான் இடது பக்கத்தில்தான் மெல்லுகிறேன்.

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், பல் வலித்த அதே மாதத்தில் லைனில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா. தாமோதரன் என்று ஓர் ஆபரேட்டர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எல்லாருக்கும் தாமுண்ணன். அவருடைய பிரெஸ் மிஷினில் எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சத்தம் தாங்காமல் பஸ்ஸருக்குள் துணியைத் திணித்துவிட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு லைனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "சத்தம் நின்னா ரிப்பேர் சரியாயிடுச்சா? மூளை கீதா இல்லியாண்ணா?" என்று கேட்டேன். வாயில் வலி மாத்திரையோடு நின்று கேட்டேன். அதற்குப் பிறகு தாமுண்ணன் எந்தப் பழுதையும் என்னிடம் சொல்வதில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லுவார், அவர் வந்து என்னிடம் சொல்லுவார். ஒழுங்குமுறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். போன பொங்கலன்று உன் அம்மா உன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நீ வாயைப் பிளந்து எதற்கோ அழுதுகொண்டிருந்தாய். "ஏங்க, இங்க வாங்க. இவன் பல்லு பின்னாடி கருப்பா கீது பாருங்க" என்றாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "விழுற பல்லுதானே, வுடு. விழுந்துட்டு புதுசு முளைக்கும்" என்றேன். "டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாமே" என்றாள். "விழுற பல்லுக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா?" என்றேன். "எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளும் ஷிப்டுக்குப் போகிறவள். நான் ஏ ஷிப்டில் இருந்தால் அவள் பி ஷிப்ட். சேரப்பணஞ்சேரி வீட்டு வாசலில் உன்னைக் கை மாற்றுகிற ஐந்து நிமிடம்தான் நாங்கள் பேசிக்கொள்கிற நேரம். அந்த ஐந்து நிமிடத்தில் சத்தமாகப் பேசுகிறவன் சொல்வதுதான் முடிவு. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

அதற்கடுத்த மாதம் உன் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். "கீழ் வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல் மருத்துவரை உடனே அணுகவும். பெற்றோர் கையொப்பம்" என்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். உன் பையில் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். தினமும் காலையில் முப்பது நாற்பது செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கையெழுத்து விழுந்தால் வேலை முடிந்தது என்று என் கை பழகிப்போயிருந்தது. பார்க்காமலே டிக் அடிக்கிற பயல்களை நான் மீட்டிங்கில் வைத்துக் கிழித்திருக்கிறேன். உன் மிஸ் அந்தச் சீட்டை வாங்கி, அப்பா பார்த்துவிட்டார் என்று நிம்மதியாகக் கோப்பில் வைத்திருப்பார். பார்த்தது பேனா மட்டும்தான்.

இன்னொன்றும் செய்தேன். நீ பல் தேய்க்க அடம் பிடிப்பாய். பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு நிற்பாய், நுரையை விழுங்குவாய், என் பஸ் வரும் நேரத்தில் ஒரு பாட்டு வேறு பாடுவாய். எனக்குப் பொறுமை கிடையாது, அது உனக்கே தெரிந்திருக்கும். "ஒழுங்கா தேய்க்கிறியா, இல்ல பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லட்டா?" என்பேன். உடனே தேய்ப்பாய். நல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அதையே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பயன்படுத்தினேன்.

போன மாதம் எனக்கு லீவான ஒரு சனிக்கிழமை மாலை, உன் அம்மாவின் கம்பெனி பஸ்ஸுக்காக நாம் இரண்டு பேரும் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். டீக்கடையில் உனக்கு ஜில்லென்று ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினாய். கிளாஸ் கீழே விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நீ சுருண்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, குளவி கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். "பல்லு" என்றாய். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கிராம்பு ஒண்ணு வச்சி கடிக்கச் சொல்லு சார், அட்ச்சி வச்ச மாதிரி நின்னுடும்" என்றார். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், "வுடுய்யா, விழுற பல்லுதானே. இதுக்குப் போயி" என்றார். என் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்டபோது அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது. கால் மணி நேரமாகியும் உன் வலி நிற்கவில்லை. உன் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னா பண்ணீங்க புள்ளைய?" என்றாள். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே பைக்கில் போனேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பல் மருத்துவமனை. டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், என்னைவிட வாய் அதிகம். உன்னை நாற்காலியில் உட்கார வைத்ததும் நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாய். "ஊசி போட்டுடுவாங்க. அப்பா சொல்லிச்சு" என்றாய். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "வீட்ல எதுக்கெல்லாம் என்னை வச்சு மிரட்டுறீங்க?" என்றார். உன் அம்மா முந்திக்கொண்டு, "எல்லாத்துக்கும்தான் மேடம். சோறு துன்னலன்னா கூட நீங்கதான்" என்றாள். டாக்டர் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உன் கையில் கொடுத்து, அவருடைய வாயைத் திறந்து அவர் பல்லை உன்னை எண்ணச் சொன்னார். நீ பதினொன்று வரை எண்ணிவிட்டு, "ஒண்ணு வெள்ளியா கீது" என்று கண்டுபிடித்தாய். அதற்குப் பிறகுதான் நீ கையை எடுத்தாய்.

பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் தெரிந்த பாட்டையே பாடினேன். "பால் பல்லுதானே மேடம், எப்படியும் விழுந்துடும்ல?" அவர் விளக்கை உன் வாய்க்குள் திருப்பினார். "சார் என்ன வேலை பண்றீங்க?" "மெயின்டெனன்ஸ்." "அப்ப எண்ணத் தெரியும்ல. முன்னால நடுவுலேர்ந்து பின்னாடி எண்ணுங்க. விழுந்து முளைக்கிறதையும் சேர்த்து." எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சொத்தைப் பல் ஆறாவது. "பால் பல்லு ஒரு பக்கத்துக்கு அஞ்சுதான். ஆறாவதா இருக்கிறது பால் பல்லே கிடையாது. ஆறு வயசுல பின்னாடி காலி எடத்துல வரும். எந்தப் பல்லையும் தள்ளிட்டு வராது, அதனால வந்ததே யாருக்கும் தெரியாது. இது விழாது சார். இவன் அறுபது வயசுலயும் முறுக்கு கடிக்க வேண்டிய பல்லு இது" என்றார்.

கதிர், எந்த பாகத்தையும் கழற்றுவதற்கு முன் அதன் எண்ணைப் பார்க்காமல் நான் ஸ்பானர் எடுத்ததில்லை. மாற்றிப் போடக்கூடிய பாகம் எது, மிஷின் சாகிற வரைக்கும் இருக்கவேண்டிய பாகம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். என் பையன் வாயில் ஆறு வரை எண்ணிப் பார்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது, அதுவும் ஒருவர் விளக்குப் பிடித்துக் காட்டி.

டாக்டர் உன்னிடம் கேட்டார், "எத்தனை நாளா வலிக்குது செல்லம்?" நீ யோசித்து, "லீவு வுட்டதுலருந்து" என்றாய். பெரிய லீவு. மூன்று மாதம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏன்டா சொல்லல?" என்று அங்கேயே கத்தினேன். நீ என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா திட்டுவ" என்றாய். நான் கத்தியதே உனக்குச் சாட்சியாகப் போய்விட்டது. எனக்குத் தாமுண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது. அவரும் இதைத்தான் செய்தார், மரியாதையாக, வாய் திறந்து சொல்லாமல்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். உன் பல்லின் வேர் அடியில் இன்னும் மூடவில்லை, புனல் மாதிரி திறந்திருந்தது. முளைத்துச் சில வருடம் கழித்துத்தான் வேர் முழுதாக வளர்ந்து மூடுமாம். உள்ளே நரம்பு உயிரோடு இருந்தால்தான் அது வளரும். நரம்பு செத்திருந்தால் வேர் அரைகுறையாக நின்றுவிடும். அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் பல் கடைசிவரை பலவீனமாகத்தான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்றார். "இப்ப எது மேடம்?" என்று கேட்டேன். "திறந்து பார்த்தாதான் தெரியும். ரத்தம் வந்தா உயிர் இருக்கு. வரலைன்னா பேச்சு வேற" என்றார்.

ஊசி போட்டார். எறும்பு கடிக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார், பொய் சொல்லவில்லை, நீ அழவும் இல்லை. மரத்துப்போனதும் கருப்பாக இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார். உன் அம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ரத்தம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து. ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். சீக்கிரம் நின்றால் அடியில் நரம்பு நன்றாக இருக்கிறது, நிற்காவிட்டால் கெட்டது கீழேயும் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான்காவது நிமிடம் பஞ்சை எடுத்தார். நின்றிருந்தது. கெட்ட பாகத்தை மட்டும் எடுத்து, மருந்து வைத்து அடைத்தார். அடுத்த வாரம் ஸ்டீல் தொப்பி மாட்டினார். வேர் மூடுகிற வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. மற்ற பல் எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்தப் பல் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

இப்போது நீ வேலைக்குப் போகிறாய். உன் அறையிலும் ஆறு பேர் இருப்பார்கள். ஒருவன் கிராம்பு என்பான், ஒருவன் புகையிலைத் தூள் என்பான், ஒருவன் மூன்று வேளை மாத்திரை கொடுப்பான். கேட்டுக்கொள், போகாமல் இருந்துவிடாதே. ஜில்லென்று குடித்தால் சுருக்கென்று இழுத்து உடனே விட்டுவிட்டால், அந்த வாரத்தில் போ, பத்து நிமிட வேலை. வலி பிடித்துக்கொண்டு விடாமல் நின்றால், சும்மா இருக்கும்போதே வலித்தால், தூக்கத்தில் எழுப்பினால், மறுநாள் லீவு போட்டுப் போ. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் ஷிப்ட், சூப்பர்வைசர், ஓவர்டைம் எதையும் பார்க்காதே, அந்த நிமிஷமே போ. மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் பல் டாக்டரைக் கூடத் தேடாதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. வலித்துக்கொண்டிருந்த பல் தானாக நின்றுவிட்டால் டீ வாங்கிக் கொடுக்காதே, அன்றைக்கே போ. தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷைக் குறை சொல்லாமல் போ. ஒன்றுமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது போ. ஆயுத பூஜை வந்தால் மூலையில் கிடக்கிற டிரில்லிங் மிஷினைக்கூடத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். வாய்க்கு அதுகூட இல்லை என்றால் என்ன படிப்பு படித்து என்ன.

இவ்வளவும் எவனும் சொல்லுவான், போனில் தேடினாலும் கிடைக்கும். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு ஒன்று. வலி இருக்கிறது என்று வலிக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அவனால் அதைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்ல முடியவேண்டும். நாளைக்கு உன் கீழேயும் நான்கு பேர் வேலை செய்வார்கள், உனக்கும் ஒரு பிள்ளை இருக்கும். என் வாய் உனக்கு வந்திருந்தால், அதை முதலில் சரிசெய். தாமுண்ணனிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "எந்த பஸ்ஸர் சார்? எனக்கு ஞாபகமே இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அவருடைய மிஷின் பழுது இன்னும் சூப்பர்வைசர் வழியாகத்தான் என்னிடம் வருகிறது.

முந்தாநாள் ஏ ஷிப்ட் முடித்து வந்து மிக்ஸியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்குரூ ஒன்று காணவில்லை, வெயில், என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். நீ வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாய். "அப்பா, திட்ட மாட்டியே?" என்றாய். "இன்னாத்த ஒடச்ச?" என்றேன். "ஒடைக்கல. தொப்பி ஆடுது." ஆறு மாதத்துக்கு ஒட்டுகிற எதையும் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எதைத் தின்றாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "சட்டைய மாட்டு" என்றேன். "இப்பவா?" என்றாய். "இப்பவே."

டாக்டர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். "அடைச்சது அப்படியே இருக்கு, உள்ள எதுவும் போகல. இப்படியே ஒரு மாசம் ஆடிக்கிட்டு இருந்திருந்தா பண்ணதெல்லாம் வீண்" என்று சொல்லி, சுத்தம் செய்து திரும்ப ஒட்டினார். "யார் பார்த்தது, அம்மாவா?" என்று கேட்டார். "இல்ல மேடம். அவனே வந்து சொன்னான்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, வாயில் பஞ்சோடு, கேட்காமலே, "பபிள்கம்மும் நான்தான் துன்னேன்" என்றாய்.

அதற்கு மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

உன் அப்பா